சோற்றுக்கு ஒரு சுற்று, குழம்புக்கு ஒரு சுற்று

ஊதாங்குழல் என் கைக்கு வந்தபோது இளஞ்சூடாக இருந்தது. வழக்கம்போல் துண்டு முனையால் வாய்ப்பக்கத்தைத் துடைத்துவிட்டு அடுப்புக்குக் குனிந்தேன். ஊதுவதற்கு முன்னால் ஒரு மூச்சை உள்ளே இழுக்க வேண்டுமே, அந்த மூச்சோடு வந்தது அந்த வாடை.

புளிப்பும் தித்திப்புமாக ஒரு வாடை. ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து உடனே மூடியது மாதிரி ஒரு நொடி. அவ்வளவுதான்.

நான் ஊதினேன். சாம்பல் பறந்தது, மல்லாட்டைத் தோல் பற்றிக்கொண்டது. (எங்கள் செஞ்சிப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர்.) குழலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, எனக்கு முன்னால் ஊதியவரை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

நயினார். ஐம்பது வயதுக்காரர். மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். எங்கள் ஆறு பேரில் ஒழுங்கான ஆளைக் காட்டு என்றால் எல்லாரும் அவரைத்தான் காட்டுவோம். அவர் உலைப்பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு காய்ந்திருந்தது. கண்ணில் ஒரு மினுக்கம்.

போட்டுவிட்டு வந்திருக்கிறார் மனுஷன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது எனக்குத் துக்கம் வரவில்லை. இத்தனை வருடம் கழித்து அதை ஒப்புக்கொண்டால் என்ன? எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

என் மூக்கு

போன வாரங்களைப் படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் பம்ப்செட் மோட்டார்களுக்கு வைண்டிங் கட்டுகிறவன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பி சுற்றிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். செஞ்சியில் என்னை வைண்டிங் சேகர் என்பார்கள்.

மோட்டார் கொண்டுவருகிறவர்கள் உண்மை பேச மாட்டார்கள். "நான் ஒண்ணுமே பண்ணல மெக்கானிக்கு, அதுவா நின்னுபோச்சு" என்பார்கள். திறந்து மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர் இறங்கி எரிந்ததற்கு ஒரு வாடை. வற்றின கிணற்றில் ஓட்டி எரித்ததற்கு வேறொரு வாடை. பல வருடமாகப் பொய்யை மோந்தே பிழைத்தவன் நான். மனிதர்கள் வாயைவிட என் மூக்கைத்தான் நம்புவேன்.

மல்லிகா, என் மனைவி, என்னைச் சந்தேகப் பிராணி என்பாள். நானும் அவளை அப்படித்தான் சொல்வேன். ஜாதகத்தில் எது பொருந்தியதோ தெரியாது, இது பொருந்தியிருந்தது.

தீபாவளி வரைக்கும்

அது எண்பதுகள். சாராயக் கடைகளை ஏலம் விட்டு நடத்திய காலம். கடைக்குப் போக யாரும் சந்தில் ஒளிய வேண்டியதில்லை, பஸ்ஸிலிருந்து இறங்கினால் போதும்.

குடிக்கிறவன் கெட்டுப்போவதை எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் புதிதாக என்ன எழுத? என் விஷயத்தில் முதலில் கெட்டது கை. வைண்டிங் கட்டுகிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது. கம்பிக்குப் பக்கத்தில் கம்பி படிய வேண்டும், ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது. எனக்கு ஏறியது.

வல்லம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு நான் கட்டிக் கொடுத்த மோட்டார் இரண்டாம் நாளே புகைந்தது. கதிர் பிடிக்கிற நேரம், பயிர் காய்ந்துவிட்டது. அவர் அந்த மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து என் வீட்டு வாசற்படியில் இறக்கி வைத்தார். சத்தம்கூடப் போடவில்லை.

"இதக் கட்டுனவன் மனுசனா இருந்தா வெளிய வரச் சொல்லும்மா."

நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் படுத்துக்கிடந்தேன். அவர் போகும்வரை எழுந்திருக்கவில்லை. மல்லிகா மட்டும் வாசலில் நின்றாள்.

மறுநாள் காலை எங்கள் ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு வல்லத்தில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுவரைக்கும் நீங்க தொடலன்னு தெரிஞ்சா வரேன். இல்லன்னா பாப்பாவ கூட்டிக்கினு பெங்களூர்ல அக்கா வூட்டுக்குப் போயிடுவேன். தேடிக்கினு வராதீங்க."

"நான் தொடலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

பஸ் போய்விட்டது. யாரையோ வைத்து என்னை வேவு பார்க்கப் போகிறாள் என்று எனக்கு அன்றே சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தில் சரியானது அது ஒன்றுதான்.

ஐந்து மணி அடுப்பு

ஊருக்கு வெளியே, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சின்ன டிஸ்பென்சரி இருந்தது. அதில் கம்பவுண்டராக இருந்தவர் சூசை. அவரே ஒரு காலத்தில் மருந்து கலக்கும் மேஜைக்கு அடியில் விழுந்துகிடந்தவர்தான். விட்டு ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒரு கூரைக் கொட்டகை போட்டு, விட நினைக்கிறவர்களை அங்கே வரச் சொன்னார். வந்தவர்களுக்கு அவர் புத்தி சொல்லவில்லை. சமைக்கச் சொன்னார்.

"சாயந்திரம் அஞ்சுலேர்ந்து ஏழு. அந்த ரெண்டு மணி நேரந்தான்டா நம்மள கொல்லுது. அப்ப கையும் சும்மா இருக்கக் கூடாது, வயிறும் சும்மா இருக்கக் கூடாது" என்பார்.

யாரும் காசு கொண்டுவரக் கூடாது என்பது அங்கே சட்டம். காசு கையில் இருந்தால் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். ரேஷன் அரிசியோ, நொய்யோ, ஒரு கைப்பிடி கொள்ளோ, வேலியோரம் ஒடித்த முருங்கைக்கீரையோ எதுவும் ஆகும். வருவது எல்லாம் ஒரே பானைக்குள் போகும். ஒருநாள் ஆறு பேரும் கத்தரிக்காயோடு வந்து நின்றோம். சோற்றுக்கு அரிசி இல்லை. அன்றைக்குக் கத்தரிக்காயே சோறு, கத்தரிக்காயே குழம்பு.

அந்தக் கண்றாவியையும் வாய்க்கு விளங்கும்படி ஆக்கியவர் காசிம் பாய். கல்யாண வீடுகளில் பிரியாணி சமைக்கிறவர். குடித்துவிட்டு ஒரு கல்யாணத்தில் அண்டாவைக் கவிழ்த்ததிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. மல்லாட்டையை வறுத்து அரைத்துப் புளிக்குழம்பில் கரைத்துவிடுவார். குழம்பு கெட்டிப்படும், வாசனை தெருவரைக்கும் போகும்.

"அவசரப்படாத மெக்கானிக்கு. கொதிக்கட்டும். அதுக்குத் தெரியும் எப்ப எறங்கணும்னு" என்று என்னைத் தடுத்துக்கொண்டே இருப்பார்.

எனக்கு அரிவாள்மணையைக் கொடுத்தார் கம்பவுண்டர். "உன் பொழப்பு கையில இருக்குது. நீ காய் நறுக்கு." முதல் நாள் நறுக்கியதில் ஒரு துண்டு கட்டைவிரல் அளவு, அடுத்தது நகத்தளவு. விரலையும் இரண்டு இடத்தில் நறுக்கிக்கொண்டேன்.

குழல் போகும் வழி

இப்போது ஊதாங்குழல் கதைக்கு வருகிறேன். பம்ப்செட் பைப்பில் ஒரு முழம் அறுத்து, முனையை அரத்தால் ராவி நானே செய்து கொடுத்தது அது.

அடுப்பைப் பற்றவைத்ததும் குழல் வட்டமாகச் சுற்றி வரும். ஆளுக்கு ஒரு ஊது. சோற்றுக்கு உலை வைக்கும்போது ஒரு சுற்று. அதை இறக்கிவிட்டுக் குழம்பு ஏற்றும்போது எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. சோற்றுச் சுற்றில் நயினாரிடமிருந்து எனக்கு வரும். குழம்புச் சுற்றில் என்னிடமிருந்து நயினாருக்கும், அவரிடமிருந்து காசிம் பாய்க்கும் போகும்.

ஆறு பேர் ஊதித்தான் ஒரு அடுப்பு எரிய வேண்டுமா? இல்லை. துண்டால் துடைத்தாலும் ஊதியவன் மூச்சு குழலுக்குள் கொஞ்சம் நிற்கும். அடுத்தவன் அதை இழுத்தே ஆக வேண்டும். நான் உன்னை மோந்து பார்க்கிறேன், நீ என்னை மோந்து பார்.

இதை யாரும் வாயால் சொன்னது கிடையாது. 'ஊதிக் காட்டு' என்ற சொல்லை அந்தக் கொட்டகையில் யாரும் பேச மாட்டோம். அது போலீஸ்காரர்களும் மாமனார்களும் பேசிய சொல். வாடை தெரிந்தால் கம்பவுண்டரிடம் கண்ணைக் காட்டினால் போதும். அவர் அந்த ஆளின் கையிலிருந்து கரண்டியை மட்டும் வாங்கிக்கொள்வார். சாப்பாடு உண்டு, சமையல் கிடையாது. மறுநாள் குழல் சுத்தமாக வந்தால் கரண்டி திரும்பக் கைக்கு வரும்.

ஒருவர் எச்சிலை இன்னொருவர் தொடலாமா என்று யாரோ கேட்டதற்குக் காசிம் பாய் சொன்னார்: "கடையில ஒரே கிளாசுல ஊத்திக் குடிச்சமே, அப்ப எந்த சாதின்னு கேட்டமா?" அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

நயினார் பொழுது

நயினாரின் அண்ணன் செஞ்சியில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். நயினாரும் அதில் இருந்தவர்தான். குடியில் எல்லாவற்றையும் விட்டார். ஆனால் பொழுது சாய்ந்தால் சோறு தொட மாட்டார். வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது. காசிம் பாய் வெங்காயம் தாளிப்பதற்கு முன்னால் அவருக்கு மட்டும் தனியாக எடுத்து வைப்பார்.

"சாராயத்துக்கு மட்டும் பொழுது கெடயாதா நயினாரே?" என்று நான் கேலி செய்வேன்.

"அந்த வெக்கத்துலதான் தம்பி இதயாவது புடிச்சிக்கினு இருந்தேன்" என்பார்.

ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டால் அவர் கணக்கில் பொழுது முடிந்தது. அதனால் முதல் தட்டு அவருக்கு. தட்டை எடுத்துக்கொண்டு வெளிச்சம் பார்த்து மதிலோரம் போய்விடுவார். தட்டைக் கழுவித்தான் கொண்டுவருவார். பல வாரமாக அப்படித்தான். அந்த வாடை வரும்வரை நான் அதில் தப்பு எதையும் பார்க்கவில்லை.

வாடை வந்த பிறகு எல்லாமே தப்பாகத் தெரிந்தது. ஏன் வெளியே போகிறார்? ஏன் தட்டைக் கழுவிக்கொண்டு வருகிறார்? ஏன் உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார்?

இரண்டாம் நாளும் வாடை வந்தது, கொஞ்சம் கூடுதலாக. நான் கம்பவுண்டரிடம் கண்ணைக் காட்டவில்லை. மூன்றாம் நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். நயினாரைப் பிடிக்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் குழல் எப்போது கைக்கு வரும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் தட்டோடு அவர் வெளியே போனதும் பின்னால் போனேன். புரட்டாசித் தூறல். மதிலுக்கு அந்தப் பக்கம் தலையில் சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். முகம் தெரியவில்லை. கண்ணாடி வளையல் போட்ட கை மட்டும் மதிலுக்கு மேலே வந்து தட்டை வாங்கிக்கொண்டது. நயினார் குனிந்து ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திருட்டுச் சாராயம் விற்கிற பொம்பளை. சோற்றைக் கொடுத்துச் சரக்கு வாங்குகிறார்.

பைக்குள் ஒரு பாட்டில்

இதற்கு மேல் எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒருவருக்குத் தெரியும், அது பின்னால் வரும்.

நான்காம் நாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நேரே சாராயக் கடைக்குப் போனேன். ஒரு பாட்டில் வாங்கினேன். திறக்கவில்லை. துணியில் சுற்றி என் டூல்ஸ் பைக்குள், ஸ்பேனர்களுக்கு நடுவில் வைத்தேன்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரமோ என்னவோதான். இத்தனை மாதம் தாக்குப்பிடித்தவன் ஏன் வாங்கினேன்? ஒரு நியாயம் கிடைத்திருந்தது. நயினாரே விழுந்துவிட்டார், நான் எம்மாத்திரம்? அன்று சாயங்காலம் அவரை எல்லார் முன்னாலும் தோலுரிப்பது, 'இந்த இடமே பொய், இந்தக் குழலே பொய்' என்று கத்திவிட்டு எழுந்து போவது, போகிற வழியில் குடிப்பது. கோபித்துக்கொண்டு குடித்தால் அது என் தப்பு ஆகாதே. குடிகாரன் புத்தி எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மல்லிகாவையும் மகளையும் நினைத்தேனா என்றால், நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் வாங்கினேன்.

சொல்லக் கூடாத சொல்

கொட்டகையில் பையைக் கீழே வைத்தபோது உள்ளே கணீரென்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். காய் நறுக்கினேன். அன்றைக்கும் கத்தரிக்காய்தான். அடுப்பு பற்றியது, குழல் கிளம்பியது.

நயினார் குழலை வாயில் வைத்தார். மூச்சு போதவில்லை, இரண்டாம் தடவை முயன்றார். சாம்பல்கூட அசையவில்லை. என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"நல்லா ஊதிக் காட்டுங்க நயினாரே" என்றேன்.

காசிம் பாய் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"இன்னாடா பேசற?" என்றார் கம்பவுண்டர். "அந்த வார்த்தைய இங்க சொல்லக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"சொல்லாம இருந்துதான் நாலு நாளா ஏமாத்திக்கினு இருக்காரு. செவுத்துக்கு அந்தாண்ட ஒரு பொம்பளகிட்ட தட்டக் குடுத்து வாங்கிக் குடிக்கிறாரு. நான் கண்ணால பாத்தேன். பாய், நீங்க மோந்து பாருங்க. பொய்யின்னா என்னை அடிங்க."

காசிம் பாய் குழலை வாங்கி மெதுவாக மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தரையில் வைத்தார்.

"எனக்கும் நாலு நாளா தெரியுது" என்றார் யாரையும் பார்க்காமல். "எனக்குச் சொல்ல மனசு வரல."

நயினார் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் குடிக்கல தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். வேறு எதையாவது சொல்வார், திட்டுவார், அழுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலை நோக்கி நாலு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டில் மடங்கி விழுந்தார்.

கம்பவுண்டர் ஓடிப்போய் அவர் தலையை மடியில் தூக்கிவைத்தார். இமையை விலக்கிப் பார்த்தார். வாய்க்குப் பக்கத்தில் குனிந்து மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

"இது சாராயம் இல்லடா. பட்டினி. நாலஞ்சு நாள் பச்சத் தண்ணி மேல இருக்கிறவன் வாயில இந்த வாடதான் வரும். ஒடம்பு தன்னையே எரிச்சித் திங்குது. எத்தினி பேர மோந்திருப்பேன்."

மோட்டார் எரிகிற வாடையெல்லாம் தெரிந்து வைத்திருந்தேன். இது தெரியவில்லை.

காய்ச்சின தண்ணீர் நாலு மிடறு உள்ளே போனதும் நயினார் கண்ணைத் திறந்தார். விஷயம் மெதுவாக வந்தது. அது அவர்களுக்கு நோன்பு மாதம். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். கடைசியில் சேர்ந்தாற்போல் ஐந்து நாள், வெறும் வெந்நீர்.

"குடிச்ச வருசத்துல ஒரு நோன்பும் புடிக்கல" என்றார். "சேத்து வச்சிப் புடிச்சேன். சொன்னா நீ வுட மாட்ட கம்பவுண்டரே. வயிறு சும்மா இருக்கக் கூடாதுன்னு உன் சட்டம்."

"அப்ப அந்தத் தட்டு?" என்று கேட்டேன். வெட்கம் கெட்டவன், அப்போதும் விடவில்லை.

"அத கேக்காத தம்பி. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

கத்தரிக்காய்

"நான்தான் தின்னேன்."

வாசலில் சாக்கைத் தலையிலிருந்து எடுத்தபடி நின்றது மல்லிகா. சத்தம் கேட்டு மதிலைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அம்மா வீட்டுக்குப் போன பிறகு அவள் நயினாரின் அண்ணன் மண்டியில் மல்லாட்டை உடைக்கிற வேலைக்கு வந்துகொண்டிருந்தாளாம். சாயங்காலம் வேலை விட்டு பஸ்ஸுக்குப் போகிற வழி இந்த மதிலோரம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுகிறவர் நயினார் என்று தெரிந்ததும் அவரைப் பிடித்திருக்கிறாள். தினமும் கேட்பாளாம், இன்றைக்கு வாடை இருந்ததா என்று. அவர் இல்லை என்பார். பசியோடு போகிறாளே என்று தட்டையும் கொடுத்திருக்கிறார், சாப்பிடுகிற நாளில் பாதி, நோன்பு நாளில் முழுசு.

நான் அவரை வேவு பார்த்தேன். அவர் அவளுக்காக என்னை வேவு பார்த்தார். இரண்டு பேரும் ஒரே குழலில்.

"அவரப் போயி சொன்னியே" என்றாள். அதுவரை அவள் என்னை நீ என்று சொன்னதில்லை. "இத்தினி மாசமா உனக்காவ எங்கிட்ட சாட்சி சொல்லிக்கினு இருக்காரு. அவரப் போயி."

"சாட்சிய நீ நம்புனியா?" என்று கேட்டேன். எப்படிப்பட்ட கேள்வி பாருங்கள்.

"நம்பல. ஆம்பளைக்கு ஆம்பள சேந்து சொல்லுவீங்க." கீழே குனிந்து, நான் அன்று நறுக்கி வைத்திருந்த கத்தரிக்காயில் நாலு துண்டை எடுத்து உள்ளங்கையில் வரிசையாக வைத்தாள். "இத நம்புனேன். நறுக்கறது நீன்னு அவரு சொல்லியிருந்தாரு. தட்டுல மொதல்ல ஒண்ணு பெருசா ஒண்ணு சிறுசா வந்துச்சு. அப்பறம் அப்பறம் ஒண்ணுபோல வந்துச்சு. கையி நிக்குதுன்னு தெரிஞ்சிக்கினேன்."

எனக்கு அழுகை வந்தது. எல்லார் முன்னாலும் அழுதேன். பக்கத்தில் அந்தப் பை இருந்தது. காலால் அதைப் பின்னுக்குத் தள்ளினேன்.

மல்லிகா நான் அழுவதைப் பார்த்து இளகவில்லை. நான் அழுவதை அவள் நிறையப் பார்த்திருந்தாள். தரையில் கிடந்த குழலை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"ஊது."

ஊதினேன். என் வாயிலிருந்து எடுத்த குழலை அவள் துடைக்கவில்லை. அப்படியே தன் வாயில் வைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பிறகு குனிந்து அடுப்பை ஊதினாள். அணையப் பார்த்த தீ எழும்பியது.

"உப்ப பாத்துப் போடுங்க. நேத்து கரிச்சிது" என்று காசிம் பாயிடம் சொல்லிவிட்டு, வல்லம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

முழுசா?

மற்றவர்கள் பரிமாறத் தொடங்கியபோது பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். பாட்டிலைத் திறந்து சாக்கடையில் ஊற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஊற்றினேன். அந்த நேரத்தில் என் மூக்கின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

"ஊத்திட்டியா?"

கொட்டகை ஜன்னலுக்கு உள்ளே பெஞ்சில் படுக்கவைத்திருந்த நயினார்.

"ஊத்திட்டேன்."

"முழுசா?"

"முழுசா."

"குடு பாக்கலாம்." ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வாங்கினார். தலைகீழாகப் பிடித்தார். ஒரு சொட்டு விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்.

"நீ பைய வெக்கும்போதே கணீர்னுச்சு தம்பி. ஸ்பேனர் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர், நான் அவமானப்படுத்தியபோது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன்.

"மல்லிகாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"கொழல்ல வாட இருந்துதான்னு கேப்பா. இல்லன்னு சொல்லுவேன். அது நெசந்தான். மத்தத நீ சொல்லு."

மறுநாள் அவர் நோன்பை முடித்துக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். குழலை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். வாடை இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மல்லிகா மகளோடு வந்தாள். வந்தவள் கையோடு அந்த ஊதாங்குழலைக் கேட்டு வாங்கி எடுத்துப்போனாள். கொட்டகைக்கு நான் வேறு பைப் அறுத்துக் கொடுத்தேன்.

நயினார் காலமாகிப் பல வருடம் ஆகிறது. கடைசிவரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான், நானும் சொல்லவில்லை. அன்று அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தபோது, அவள் காலிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு முழுப் பாட்டில் இருந்தது என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஊதுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் குழல் பரணுக்குப் போகவில்லை, அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறது. எப்போதாவது கடையிலிருந்து நேரம் கழித்து வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து நீட்டுவாள். நானும் பேசாமல் ஊதுவேன்.

இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வியாழக்கிழமை வரும். முதலில் பிரிப்பது அவள்தான். அவளைப் பற்றி நான் பொய் எழுதியிருக்கிறேனா என்று விரல் வைத்து வரி வரியாகப் படிப்பாள். அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.

குழலை நீட்டினால் ஊதிவிடுவேன். நீட்டாமல் இருந்துவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.